உஷார்! அப்பாவின் கால் புண்ணுக்கு வீடு தேடி வரும் ‘இலவச’ தோல் ஒட்டு

“உங்கப்பாவுக்குக் காலில் ரொம்ப நாளா ஆறாத புண் இருக்காமே? நாங்களே வீட்டுக்கு வந்து பார்ப்போம். புதுவகைத் தோல் ஒட்டு, வலிக்காது. மெடிகேர் முழுசாக் கொடுத்துடும். உங்க கையிலிருந்து ஒரு டாலர் வேண்டாம்.”

அமெரிக்காவில் வயதான பெற்றோரை உடன் வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், தயவுசெய்து அந்த நிமிடமே தலையாட்டிவிடாதீர்கள். அழைப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் மெடிகேர் என்ற அமெரிக்க முதியோர் காப்பீட்டில் மிகப் பெரிய கொள்ளைகளில் ஒன்று நடந்தது இதே வார்த்தைகளைச் சொல்லித்தான். அதில் பணத்தோடு சேர்ந்து பலருடைய உடம்பும் பாழானது.

முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். மருத்துவர் சேவைக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்குமான மெடிகேரின் பி பகுதி, தோல் ஒட்டுகளுக்காக 2019-இல் செலவிட்டது சுமார் 25 கோடி டாலர். 2024-இல் அதே செலவு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் நாற்பது மடங்கு! அமெரிக்க முதியவர்களின் கால்களில் புண் நாற்பது மடங்கு பெருகிவிடவில்லை. பெருகியது ஒட்டின் விலையும், அதைப் போட்டால் கிடைக்கும் லாபமும்.

இந்த ஒட்டு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணும், ரத்தநாளக் கோளாறால் கணுக்காலைச் சுற்றி வரும் புண்ணும் சில பேருக்கு மாதக்கணக்கில் ஆறாது. அப்படிப்பட்ட புண்ணின் மேல் வைக்க, உயிருள்ள செல்களைக் கொண்டோ, பதப்படுத்திய திசுவைக் கொண்டோ செய்த மெல்லிய படலங்கள் உண்டு. அப்லிகிராஃப் என்ற பெயரில் வந்த செல் படலத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1998-இல் சிரை நோயால் வரும் கால் புண்ணுக்கும், 2000-இல் சர்க்கரைப் பாதப் புண்ணுக்கும் அனுமதி கொடுத்தது. உரிய சோதனைகளுக்குப் பிறகு வந்த அனுமதி அது. சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில், சரியான கையால் போட்டால் இவை காலைக் காப்பாற்றும். இதை நான் மறுக்கவில்லை, நீங்களும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் இன்று சந்தையில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பாலானவை வேறு ரகம். பிரசவத்தின்போது தாய்மார்கள் தானமாகக் கொடுக்கும் பனிக்குடச் சவ்வை உலர்த்திப் பதப்படுத்திச் செய்கிற படலங்கள் அவை. தானத் திசுவைப் பெரிதாக மாற்றாமல் பயன்படுத்தினால், எஃப்.டி.ஏ.விடம் பதிவு செய்துகொண்டாலே போதும். மருந்துக்கு வேண்டிய முன் அனுமதியோ, பலன் தரும் என்பதற்கான சோதனை முடிவோ தேவையில்லை. ஆகவே புதுப் புதுப் பெயர்களில் படலங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் தனி பில் குறியீடு, தனி விலை.

அந்த விலையில்தான் சூழ்ச்சி இருந்தது. சராசரி விற்பனை விலையோடு ஆறு சதவீதம் சேர்த்துக் கொடுப்பது மெடிகேரின் பொது வழக்கமாக இருந்தது. புதிதாக வரும் பொருளுக்குச் சராசரி விலை இன்னும் தெரியாது என்பதால், தொடக்கத்தில் சில மாதங்களுக்குத் தயாரிப்பாளர் பட்டியலில் போட்ட விலையை ஒட்டியே பணம் போனது. கம்பெனி விலையை வானத்தில் வைத்தது. வாங்கும் மருத்துவருக்குப் பின்வாசலில் பெரிய தள்ளுபடி கொடுத்தது. மருத்துவர் தள்ளுபடி விலைக்கு வாங்கி, மெடிகேரிடம் முழு விலைக்கு பில் போட்டார். நடுவில் நின்ற தொகை அவருக்கு. சராசரி விலை வெளிப்பட்டு, கிடைக்கும் தொகை சரியத் தொடங்கும் நேரத்தில் அடுத்த புதுப் பெயர் தயாராக இருக்கும். இப்படியே ஏறி ஏறி, சில படலங்களின் விலை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2,000 டாலரைத் தாண்டியது. ஒரு தபால் தலையைவிடச் சிறிய துண்டுக்கு இரண்டாயிரம் டாலர்!

உங்கள் அப்பாவின் காலில் நாலுக்கு ஐந்து சென்டிமீட்டர் புண் என்று வைத்துக்கொள்வோம். இருபது சதுர சென்டிமீட்டர். அந்த விலையில் ஒரு தடவை ஒட்டுவதற்கு 40,000 டாலர். வாரம் ஒன்றாகப் பத்து வாரம் ஒட்டினால் நாலு லட்சம் டாலர். மெடிகேர் பி பகுதியில் நோயாளியின் பங்கு 20 சதவீதம். அதாவது 80,000 டாலர். அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரில் ஓர் ஆண்டுக்கு இதற்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது என்ற உச்சவரம்பே கிடையாது. மெடிகேப் போன்ற துணைக் காப்பீடு இல்லாதவர்கள் தலையில் முழுதும் விழும்.

“அதான் ஒரு காசு வேண்டாம்னு சொல்றாங்களே” என்கிறீர்களா? ஐயா, அம்மா, அதுதான் முதல் அபாயச் சங்கு. நோயாளியின் 20 சதவீதப் பங்கை, அவருடைய வருமான நிலைமையைப் பார்க்காமல் எல்லோருக்கும் தள்ளுபடி செய்வதாகச் சொல்லி ஆள் பிடிப்பது அமெரிக்கச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதற்குச் சமமாகக் கருதப்படலாம். மீதி 80 சதவீதமே கொள்ளை லாபமாக இருப்பவருக்குத்தான் உங்கள் பங்கை அத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்க முடியும்.

அரிசோனாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு தம்பதி, இந்தப் பனிக்குடச் சவ்வு ஒட்டுகளை வைத்து மெடிகேரிடமும் மற்ற காப்பீடுகளிடமும் 120 கோடி டாலருக்குப் பொய் பில் போட்டதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 60 கோடி டாலருக்கு மேல் அவர்களுக்குப் பணமும் போய்விட்டது. பதினாறே மாதங்களில், ஒரு நோயாளிக்குச் சராசரியாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் மெடிகேர் கொடுத்தது என்றது அமெரிக்க நீதித்துறை. 2025-இல் இருவருக்கும் நீண்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நோயாளிகளை அவர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்பதைப் படித்தபோது என் வயிறு கலங்கிவிட்டது. மருத்துவப் பயிற்சியே இல்லாத விற்பனை ஆட்கள் புண் உள்ள முதியவர்களைத் தேடிப் போனார்கள். அவர்களில் பலர் ஹாஸ்பிஸில், அதாவது இனி வைத்தியம் வேண்டாம், வலியில்லாமல் போகட்டும் என்று முடிவான நிலையில் இருந்தவர்கள். எந்த ஒட்டு, எந்த அளவு என்பதை விற்பனை ஆட்கள் ஆர்டர் செய்ய, செவிலியர் அதைக் கொண்டுபோய் ஒட்டினார்கள். நோயாளியின் வழக்கமான மருத்துவரை யாரும் கேட்கவில்லை. சீழ் பிடித்த புண்ணுக்கு முதலில் சீழுக்கு வைத்தியம் பார்க்காமல் மேலே ஒட்டினார்கள். மேலோட்டமான சிராய்ப்புக்கும் ஒட்டினார்கள். புண்ணைவிடப் பெரிதாக ஒட்டினார்கள். சதுர சென்டிமீட்டர் கணக்கில்தானே காசு! சாகக் கிடக்கும் ஒரு பாட்டியின் உடம்பை அளவெடுத்துக் காசாக்கியிருக்கிறார்கள்.

அது ஏதோ ஓரிடத்தில் நடந்த ஒற்றைச் சம்பவம் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2025 ஜூனில் நாடு முழுவதும் நடந்த மருத்துவ மோசடி வேட்டையில், இதே ஒட்டுகளுக்காகச் சுமார் 110 கோடி டாலர் பொய் பில் போட்டதாக ஏழு பேர் மீது வழக்குப் பதிவானது. அவர்களில் ஐந்து பேர் மருத்துவத் தொழிலில் இருப்பவர்கள்.

இதில் நம் வீடுகளுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். சர்க்கரை நோய் நம்மவர்களிடம் எத்தனை பரவலாக இருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரீன் கார்டில் வந்து, தொடர்ந்து ஐந்து ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர், மாதச் சந்தா கட்டி மெடிகேரில் சேரலாம், பலர் சேர்ந்திருக்கிறார்கள். பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, வீட்டில் அப்பாவும் அம்மாவும் தனியே இருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டு யார் வந்தாலும் நம் அம்மாக்களுக்கு அவர் டாக்டர்தான். ‘அவ்வளவு தூரம் தேடி வந்து பார்க்கிறாரே புண்ணியவான்’ என்று காபி போட்டுக் கொடுத்து, நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். அந்த நல்ல மனசு மோசக்காரர்களுக்கு வசதியாகிவிடுகிறது.

இப்போது பணத்தைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டு, ஆறாத புண்ணுக்கு முதல் வைத்தியம் அல்ல. பாதப் புண் என்றால் முதலில் பார்க்க வேண்டியது காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்பதை. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை அதற்கு இருக்கிறது. செத்த சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சீழ் இருக்கிறதா, தொற்று எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புண் உள்ள இடத்தில் உடம்பின் பாரம் விழாமல் தனிக் காலணியோ கட்டோ போட வேண்டும். உணர்ச்சி மரத்த பாதத்தில் புண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதன் மேலேயே நடந்தால், எத்தனை ஆயிரம் டாலர் படலம் ஒட்டினாலும் ஆறாது. கணுக்காலைச் சுற்றிய சிரைப் புண் என்றால், ரத்த ஓட்டம் போதுமானது என்று உறுதி செய்துகொண்டு, இறுக்கக் கட்டு போடுவதுதான் அடிப்படை வைத்தியம்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தும், நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது சுருங்கவில்லை என்றால்தான் அடுத்த படியைப் பற்றி யோசிப்பது புண் வைத்தியர்களின் வழக்கம். ஆகவே ஒட்டு பற்றிப் பேசும் எவரிடமும் முதலில் கேளுங்கள்: இந்த நாலு வாரத்தில் என்னென்ன செய்தீர்கள்? ரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா? முதல் வாரம் எத்தனை சென்டிமீட்டர், இந்த வாரம் எத்தனை? உண்மையான மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அவருடைய குறிப்பேட்டில் வாரா வாரம் எடுத்த அளவும் படமும் இருக்கும். வந்த முதல் நாளே ஒட்டை எடுத்து நீட்டுகிறவரிடம் எதுவும் இருக்காது. சீழ் பிடித்த புண்ணை மேலே மூடி மூடி வாரங்களை ஓட்டினால், கடைசியில் விரலோ பாதமோ போகும். அந்த இழப்பை எந்த வழக்கும் எந்தத் தண்டனையும் திருப்பித் தராது.

இன்னொன்றும் கேட்கலாம். நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு இது பெரிய விஷயம். அந்தப் படலம் எதிலிருந்து செய்தது? மனிதப் பனிக்குடச் சவ்வு மட்டுமல்ல. மாட்டுத் தசைநார்ப் புரதம், பன்றிக் குடல் சவ்வு, மீன் தோல் ஆகியவற்றிலிருந்து செய்தவையும் புழக்கத்தில் இருக்கின்றன. ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் சொல்லாமல் ஒட்டுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

சரி, 2026 ஜனவரி 1 முதல் விதிகள் மாறிவிட்டன. மெடிகேரை நடத்தும் சி.எம்.எஸ். என்ற அரசு அமைப்பு, பெயருக்கொரு விலை என்ற ஏற்பாட்டை ஒழித்து, பெரும்பாலான படலங்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 127 டாலர் என்று ஒரே கட்டணம் வைத்துவிட்டது. இதனால் இந்தச் செலவு ஏறக்குறைய 90 சதவீதம் குறையும் என்பது அவர்கள் மதிப்பீடு. நாம் மேலே போட்ட கணக்கில் 40,000 டாலர் என்பது 2,540 டாலராகிறது. நோயாளியின் பங்கு 508 டாலர். இந்த நடவடிக்கை எடுக்காமல் இருந்திருந்தால் 2026-இல் மெடிகேரில் உள்ள ஒவ்வொருவரும் பி பகுதிக்கு மாதம் சுமார் 11 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். யாரோ ஒருவர் காலில் ஒட்டியதற்கு ஊரே சேர்ந்து பணம் கட்டவிருந்தது!

விலை குறைந்துவிட்டதே, இனி பயமில்லை என்று அசந்துவிடாதீர்கள். ஆபத்து திசை மாறியிருக்கிறது. அளவுக்கு மீறி ஒட்டுவதும், ஒட்டாததை ஒட்டியதாக எழுதுவதும் 127 டாலரிலும் நடக்கக்கூடியவை. மறுபக்கம், உண்மையாகவே ஒட்டு தேவைப்படுகிறவருக்கு இனி ‘இல்லை’ என்ற பதில் வரக்கூடும். நியூ ஜெர்சி, டெக்சாஸ், ஒஹையோ, ஓக்லஹோமா, அரிசோனா, வாஷிங்டன் ஆகிய ஆறு மாநிலங்களில், அசல் மெடிகேரில் இருப்பவர்களின் சில சிகிச்சைகளையும், அவற்றில் சில மாநிலங்களில் தோல் ஒட்டையும் முன்கூட்டியே பரிசீலிக்கும் ‘வைசர்’ என்ற திட்டம் 2026-இல் தொடங்கியிருக்கிறது. நியூ ஜெர்சியும் டெக்சாஸும் நம்மவர்கள் நிறைய வாழும் மாநிலங்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பரிசீலிப்பது செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் தனியார் நிறுவனங்கள். மிச்சமாகும் பணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. மறுத்தால் லாபம் கிடைக்கிற ஒருவர் கையில் முடிவைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொள்ளையைத் தடுக்கப் போட்ட வேலியில் நல்ல நோயாளியும் மாட்டிக்கொள்ளலாம்.

எந்தப் புண்ணுக்கு, எத்தனை தடவை, எந்தப் படலம் என்று தெளிவாக வரையறுக்கும் விதி ஒன்று 2024 நவம்பரில் இறுதியானது. அது அமலாகும் தேதியை 2025 பிப்ரவரி, பிறகு ஏப்ரல், பிறகு 2026 ஜனவரி என்று தள்ளிப் போட்டு, அமலாவதற்கு ஒரு வாரம் முன்னால் டிசம்பர் 24 அன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, இந்தச் சிகிச்சை இவருக்கு நியாயமானதா, அவசியமானதா என்பதை அவரவர் மருத்துவக் குறிப்பை வைத்தே முடிவு செய்வார்கள். குறிப்பு சரியாக இல்லையென்றால் பணம் வராது. மெடிகேர் அட்வான்டேஜ் எனப்படும் தனியார் திட்டங்களில் முன் அனுமதி வாங்குவது ஏற்கெனவே வழக்கம்தான். பல படலங்களை இன்னும் ‘சோதனை நிலையில் உள்ளது’ என்று சொல்லி மறுப்பதும் நடக்கிறது.

இங்கேதான் கையெழுத்து விஷயத்தில் மிக மிக உஷாராக இருக்க வேண்டும். அசல் மெடிகேர் பணம் தராமல் போகலாம் என்று மருத்துவருக்குத் தோன்றினால், சிகிச்சைக்கு முன்பே உங்களிடம் ஒரு தாள் நீட்டுவார். ஏ.பி.என். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் என்ன சிகிச்சை, ஏன் பணம் வராமல் போகலாம், சுமாராக எவ்வளவு ஆகும் என்று எழுதியிருக்க வேண்டும். கீழே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் குறியிட்டால், ‘சிகிச்சை வேண்டும், மெடிகேருக்கு பில் அனுப்புங்கள், அவர்கள் மறுத்தால் நான் கட்டுகிறேன்’ என்று பொருள். மறுத்தால் மேல்முறையீடும் செய்யலாம். இரண்டாவது, மெடிகேருக்கே அனுப்பாமல் நானே கட்டுகிறேன் என்பது; இதில் மேல்முறையீட்டு உரிமை போய்விடும். மூன்றாவது, சிகிச்சையே வேண்டாம். தொகை எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவோ அம்மாவோ தனியாக இருக்கும்போது நீட்டினால், “புள்ளை வந்ததும் போடறேன்” என்று சொல்லப் பழக்குங்கள். அப்படிச் சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. தமிழில் விளக்கம் வேண்டும் என்று கேட்டால், அரசுப் பணம் பெறும் மருத்துவ நிலையங்கள் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். பேரனை வைத்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தத் தாளின் மறுபக்கமும் தெரிந்திருக்கட்டும். அவசியமில்லாத சிகிச்சை என்று மெடிகேர் மறுத்து, மருத்துவர் உங்களிடம் இந்தத் தாளில் முன்கூட்டிக் கையெழுத்து வாங்காமல் விட்டிருந்தால், பொதுவாக அந்தப் பணத்தை உங்களிடம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. பயந்துபோய்க் கடன் அட்டையை நீட்டிவிடாதீர்கள்.

அடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மெடிகேரிலிருந்து தபாலில் வரும் கணக்கு அறிக்கை. ‘இது பில் அல்ல’ என்று மேலேயே போட்டிருப்பதால் நம் வீடுகளில் அது பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போகிறது. பிரியுங்கள். என்ன பெயர்ப் படலம், எந்தத் தேதி, எத்தனை அலகு என்று அதில் இருக்கும். ஓர் அலகு பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டர். புண் உள்ளங்கைக் குழி அளவுதான், ஆனால் நூறு அலகுக்கு பில் போட்டிருக்கிறது என்றால் கேளுங்கள். யாரும் வராத நாளில் ஒட்டியதாக இருந்தால், கேள்வியே வேண்டாம், புகார்தான். நான் பரிந்துரைக்கும் எளிய காரியம்: கட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துத் தொலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். ஒட்டு வந்த உறையில் உள்ள பெயர், அளவு, எண் ஆகியவற்றையும் படம் எடுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும். மோசடியைப் பிடிக்கவும் அதுதான் சாட்சி. நியாயமான சிகிச்சை மறுக்கப்பட்டால் வாதாடவும் அதுதான் சாட்சி.

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருவதில்லை. பழைய சர்க்கரையால் வந்த பாதப் புண்ணை அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். வரும் முன்பே பாதத்தைப் பார்த்து, புண் இருந்தால் ஊரிலேயே ஆற்றிவிட்டுக் கூட்டி வாருங்கள். இங்கே வந்த பிறகு புண் வந்துவிட்டால், ஒட்டு என்ற பேச்சு எழும்போதே மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது? அசல் மெடிகேர் மறுத்த பில்லுக்கு, அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 120 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். தனியார் திட்டமென்றால் மறுப்புக் கடிதத்திலேயே கெடு இருக்கும். எந்தத் திட்டம் எதைத் தரும் என்று குழப்பமாக இருந்தால், ஒவ்வொரு மாநிலத்திலும் ‘ஷிப்’ என்ற அரசு ஆலோசனை மையம் இலவசமாக வழி சொல்லும். போடாத ஒட்டுக்கு பில், புண்ணைவிடப் பெரிய அளவு, ஆள் பிடிக்கும் அழைப்பு என்று எது தட்டுப்பட்டாலும் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணிலோ, முதியோர் மெடிகேர் காவல் திட்டத்தின் 877-808-2468 என்ற எண்ணிலோ சொல்லுங்கள். மெடிகேர் அட்டை, கணக்கு அறிக்கை, நீங்கள் எடுத்த படங்கள் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் வேலை சீக்கிரம் முடியும். மெடிகேர் அட்டையின் எண்ணை மட்டும், தானாக அழைத்துக் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். மெடிகேர் அப்படி அழைத்து எண்ணைக் கேட்பதில்லை.